எறும்பு அல்ல, வண்டு

அன்பு மகளுக்கு,

கழுத்தில் வந்த கொப்புளம் வற்றத் தொடங்கிவிட்டதா அம்மா? நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுத்த தலை, செம்மஞ்சள் மார்பு, அதன்மேல் நீலப்பச்சையாக மினுங்கும் கட்டைச் சிறகு, மறுபடி செம்மஞ்சள், வால் நுனியில் திரும்பவும் கறுப்பு. சந்தேகமே இல்லை, பீடரஸ் ஃபஸ்சிபஸ் என்ற வண்டுதான். வேளாண்மைத் துறையில் இருந்த காலமெல்லாம் நெல் தூரின் அடியில் நான் தேடித் தேடிப் பார்த்த அதே வண்டு, மலேசியாவில், பினாங்கு மாநிலத்துச் செபராங் பிறையில் உன் தலையணைக்கு வந்திருக்கிறது.

அது எறும்பு என்று எழுதியிருந்தாய். ஓட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தக் கட்டைச் சிறகைக் கவனி. அது வண்டுகளுக்கே உரிய கெட்டியான முன்சிறகு. வயிற்றில் பாதியைக்கூட மூடாது. பறக்கும் சிறகு அதற்கு அடியில் மடிந்து கிடக்கிறது. பறந்து வந்து இறங்கியதும் வாலை மேலே வளைத்து, சிறகைத் தள்ளித் தள்ளி உள்ளே செருகிக்கொள்ளும். இப்படிக் குட்டைச் சிறகுள்ளவற்றை ரோவ் வண்டுகள் என்பார்கள். ஸ்டஃபிலினிடே குடும்பம். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட மாபெரும் குடும்பம். அதில் பீடரஸ் என்ற பேரினத்தை 1775இல் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் வகுத்தார். உன்னைச் சுட்ட இனத்துக்கு 1826இல் பெயர் வைத்தவர் இங்கிலாந்தின் ஜான் கர்ட்டிஸ்.

நெல்லே விளையாத இங்கிலாந்தில் இந்த வண்டா என்று கேட்பாய். அங்கே அது சதுப்பு நிலங்களில் வாழ்கிறது. அதற்கு வேண்டியது ஈர மண்ணும் சிறு பூச்சிகளும்தான். பிரிட்டனில் தொடங்கி மத்தியதரைக் கடலோரம், ஈரான், இந்தியா, இலங்கை, சீனா, ஜப்பான் என்று போய் ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. இவ்வளவு அகலமாகப் பரவியதால் வெவ்வேறு நாட்டு ஆய்வாளர்கள் வெவ்வேறு பெயர் சூட்டினார்கள். பிறகு ஒப்பிட்டுப் பார்த்து ஒரே இனமாகச் சேர்த்தார்கள். பீடரஸில் சிறகு குன்றிப் பறக்க முடியாத இனங்களும் உண்டு. இது நன்றாகப் பறக்கும். ஆசியாவில் நெல்வயல் அதற்கு எல்லையில்லாத சதுப்பு நிலமாகிவிட்டது. ஆப்பிரிக்காவில் 'நைரோபி ஈ' என்று அஞ்சப்படுவது இதே பேரினத்தைச் சேர்ந்த வேறு இனம்.

அது உன்னைக் கடிக்கவில்லை. தூக்கத்தில் நீ நசுக்கியிருக்கிறாய். அதன் உடல் நீரில் உள்ள பெடரின் என்ற நஞ்சுதான் தோலைச் சுட்டது. 1953இல் இத்தாலியில் அதை இதே இனத்திலிருந்துதான் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதை உண்டாக்குவது வண்டுகூட அல்ல, அதன் உடலுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. தாய் அந்த நஞ்சை முட்டைக்குள் வைத்து அனுப்புவதால், அந்த முட்டையிலிருந்து வரும் புழுவை ஓநாய்ச் சிலந்திகள் தொடத் தயங்குகின்றன. தன் குஞ்சுக்காக ஏற்பட்ட காவல் உன் கழுத்தில் பட்டுவிட்டது.

பினாங்கு ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள்: நெல் அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் இவை கூட்டமாக வெளியேறுகின்றன. இரவில் விளக்கொளி இழுக்கிறது. 2012இல் இந்தோனேசியாவின் சுரபாயா நகரக் குடியிருப்புகளில் புகுந்து பெரும் பரபரப்பை ஏற்படுத்தியவையும் பீடரஸ்தான்.

ஆகவே அறுவடைக் காலத்தில் இருட்டியதும் சன்னலைச் சாத்து, வலை அடி, படுக்கைக்கு மேல் விளக்கை எரியவிடாதே. மேலே ஊர்ந்தால் அடிக்காதே. ஊதிவிடு, அல்லது காகிதத்தில் ஏறவிட்டு வெளியே விடு. நசுங்கிவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவு. அந்தக் கையால் கண்ணைத் தொடாதே. கண் சிவந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போ. மருந்தடித்து ஒழிக்கச் சொல்லி யாராவது கையெழுத்து வாங்க வந்தால் மட்டும் போடாதே. வயலில் நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்பதில் இது நமக்குப் பெரிய துணை. அதை அழித்துவிட்டு வயலுக்கு வேறு மருந்து தேடுவது எனக்குப் பொறுக்காது.

உன் குடியிருப்புக்கு அருகே வயல் எந்தத் திசையில் இருக்கிறது, அடுத்த அறுவடை எந்த மாதம் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
அப்பா