அதிபரிடமிருந்து பெற்றோருக்கு: கொப்பியின் கடைசித் தாள்

மதிப்புக்குரிய பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

கடந்த தவணையில் நமது மாணவன் ஒருவனின் கணிதக் கொப்பியை வகுப்பாசிரியர் என்னிடம் கொண்டுவந்தார். கடைசித் தாளில் 500, 1,200, 3,000 என்று பென்சிலால் எழுதி அரைகுறையாக அழிக்கப்பட்டிருந்தது. கிரிக்கெட் பந்தயம் என்று எண்ணி அவனைக் கண்டித்து அனுப்பினேன். அது அவன் ஒருவருக்குக் கொடுக்கவேண்டிய கடன் என்று விளங்க எனக்கு மூன்று வாரம் சென்றது.

பிள்ளைகளைத் தேடி வருபவர்கள் எடுத்த எடுப்பில் போதைப்பொருளை நீட்டுவதில்லை. ரியூசன் முடிந்து பஸ்ஸுக்கு நிற்பவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிடுவார்கள், போனுக்கு ரீலோட் போட்டுவிடுவார்கள். தாய் வெளிநாட்டிலிருக்க அம்மம்மாவுடன் வளரும் பிள்ளைக்கு, சாப்பிட்டாயா என்று கேட்கும் அண்ணன் ஒருவன் கிடைத்துவிடுகிறான். பிறகு மாவா என்ற போதைப் பாக்குக் கலவையோ, ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன் போதைப்பொருளோ முதலில் இலவசமாகவும் அடுத்துக் கடனாகவும் வரும். கடனைத் தீர்க்க ஒரு பொதியைச் சந்தியில் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும் என்பார்கள். பொதியைத் தங்கள் ஆட்களைக் கொண்டே பறித்துவிட்டு, தொலைத்தவன் நீதான் என்று கடனை இரட்டிப்பாக்குவதும் உண்டு. பிரித்தானியாவில் சிறுவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பி விற்கவைக்கும் கும்பல்களும் இதே தந்திரத்தைக் கையாள்கின்றன; அங்கே 2015ஆம் ஆண்டின் நவீன அடிமைத்தனச் சட்டத்தின் கீழும் அவர்கள்மீது வழக்குத் தொடரப்படுகிறது.

நமது இலங்கையில் 2022இல் திருத்தப்பட்ட போதைப்பொருள் சட்டப்படி 5 கிராம் ஐஸுக்கே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கப்படலாம். பொதியைச் சுமப்பவன் பிள்ளை. கொடுத்தனுப்பியவன் அந்த இடத்திலேயே இருப்பதில்லை.

2009இல் முடிந்த போரில் எல்லாவற்றையும் இழந்து வெறுங்கையுடன் மீளக்குடியேறிய நமது வீடுகளில் கடனின் பாரத்தைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தாயின் கடன் தவணை பிள்ளைக்கும் தெரியும். தன் கடனை அவன் மறைப்பதும் பெரும்பாலும் அதனால்தான். ஆகவே புதிய சிம், காரணமில்லாத புதுச் சப்பாத்து, இரவில் வரும் அழைப்புக்கு வெளியே ஓடுதல் போன்றவற்றைக் கண்டால் அடிக்க வேண்டாம். யாருக்கு எவ்வளவு என்று அமைதியாகக் கேளுங்கள். நகையை அடகுவைத்து இரகசியமாகக் கொடுத்து முடிக்கவும் வேண்டாம், ஏனெனில் கொடுக்கும் வீடு என்று தெரிந்தால் அவர்கள் மீண்டும் வருவார்கள்.

என்னிடமோ, பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ, 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்திலோ சொல்லுங்கள். சொன்ன பிள்ளையைப் பாடசாலையிலிருந்து விலக்க மாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் மாலை 4 மணி வரை அலுவலகத்தில் இருப்பேன்; வாசலில் பலர் பார்க்க வரத் தயங்குபவர்கள் நூலகப் பக்கத்துப் படலையால் வரலாம்.

இங்ஙனம்,
அதிபர்