ஃபூஜிதாவை ஒரே சுவரில் மாட்டுங்கள்

டோக்கியோ தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தாருக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூர்க்காரன். புக்கிட் தீமா சாலையில் தினமும் பேருந்தில் போய்வருகிறவன். அந்த மேடு உங்களிடம் ஓவியமாக இருக்கிறது: ஜப்பானியப் படை சிங்கப்பூரைப் பிடித்ததைப் பற்றி ஜப்பானிய ஓவியர் சுகுஹாரு ஃபூஜிதா 1942-இல் வரைந்த 'சிங்கப்பூரின் கடைசி நாள்'. அதை முன்னிட்டுத்தான் இந்த மடல்.

ஃபூஜிதா என்றதும் பலருக்கும் பாரிஸ்தான் நினைவுக்கு வரும். 1913-இல் அங்கே போனவர். வட்டக் கண்ணாடி, நெற்றியை மறைக்கும் முடிவெட்டு, மோன்பர்னாஸ் என்ற கலைஞர் பேட்டையில் அடித்த கூத்து எல்லாம் சரி, எனக்கு முக்கியம் அந்தப் பால்வெள்ளைதான். எண்ணெய் வண்ணத்தைத் தந்தம் போல இழைத்து, அதன்மேல் ஜப்பானியத் தூரிகையால் மயிரிழைக் கோடு போடுவார். எண்ணெயில் மை ஒட்டாதே! குழந்தைகளுக்குப் பூசும் பவுடரில் இருக்கிற டால்க்கைத்தான் சேர்த்திருக்கிறார் என்று வெகுகாலம் கழித்தே தெரிந்தது. உங்களிடமுள்ள 1923-ஆம் ஆண்டு 'ஐந்து பெண்கள்' ஓவியத்தில் அந்த வெள்ளையைப் பார்க்கலாம்.

அதே கைதான் 1943-இல், அலாஸ்காவை ஒட்டிய 'அட்டு' தீவில் ஜப்பானியப் படை அழிந்த கடைசிச் சண்டையையும் வரைந்தது. ஒரே சேற்று நிறம். யார் பிணம், யார் உயிரோடு இருக்கிறான் என்று பிரித்தறிய முடியாது. கண்காட்சியில் அதன் முன் ஜனங்கள் கைகூப்பி நின்றார்களாம். அதைப் பார்த்து யாருக்கும் போருக்குப் போக ஆசை வராது என்றுதான் நினைக்கிறேன். புக்கிட் தீமா ஓவியத்துக்கு மட்டும் அந்தச் சலுகையை நான் தர மாட்டேன்.

போர் முடிந்ததும், போருக்காக ஓவியம் வரைந்த பழி பெரும்பாலும் அவர் தலையில் விழுந்தது. 1949-இல் நாட்டை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. 1955-இல் பிரெஞ்சுக் குடிமகனானார், 1968-இல் சூரிச்சில் இறந்தார். அமெரிக்கா எடுத்துப்போன 153 ஜப்பானியப் போர் ஓவியங்கள் 1970-இல் காலவரையற்ற இரவலாக உங்களிடம் வந்தன. அதிலிருந்து சிலவற்றை மட்டும் மாற்றி மாற்றி வைக்கிறீர்கள். 2015-இல் ஃபூஜிதாவின் 14 போர் ஓவியங்களையும் ஒன்றாக வைத்தீர்களே, அப்புறம் என்ன தயக்கம்?

நான் கேட்பது நாலே நாலு: ஐந்து பெண்கள், 1940-இல் வரைந்த சண்டைக்காரப் பூனைகள், புக்கிட் தீமா, அட்டு. ஒரே சுவரில், நிரந்தரமாக. புக்கிட் தீமாவின் குறிப்புப் பலகையில், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்த 1942 பிப்ரவரி 15-க்கு அப்புறம் இந்த ஊரில் நடந்ததற்கும், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு ஓட்டிச் செல்லப்பட்ட தமிழர்களுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
புக்கிட் தீமா சாலைப் பயணி ஒருவன்