குச்சியைப் படம் பிடித்துப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், விந்தை உறையவைத்துக் காக்கும் வழி கண்ட இங்கிலாந்து விஞ்ஞானி கிறிஸ் போல்ஜ் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாக. இரண்டாம் தடவை, கடைசிப் பத்தியில் இருந்த ஒரு வரிக்காக: ‘அவர் தந்த வரத்தைப் பயன்படுத்தத் தெரியாத விவசாயிகளின் அறியாமையால்தான் நம் மாடுகள் சினை பிடிப்பதில்லை.’

காங்கேயத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடமாக மாடு கட்டிக் கறக்கும் அறியாமையோடு எழுதுகிறேன். பிழையிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

மாடு காளைக்குக் கத்துவது எங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் கட்டுத்தரையில் நிலைகொள்ளாமல் சுற்றுவதும், கண்ணாடி போலக் கோழை ஒழுகுவதும் தெரியும். காலையில் கண்டால் அன்று சாயங்காலம், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை சினை ஊசி போட வேண்டும். இதைக் கட்டுரையாளர் படித்துத் தெரிந்துகொண்டிருப்பார். நான் நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன். காலை ஆறு மணிக்குப் போன் செய்தால் மறுநாள் மதியம்தான் ஊசி போடுபவரின் வண்டி வருகிறது. தவறினால் இன்னும் 21 நாள். அத்தனை நாளும் தவிடும் புண்ணாக்கும் சும்மா வருவதில்லை என்பது தாங்கள் அறியாததல்ல.

போல்ஜின் கதையில் எனக்குப் பிடித்தது பெயர்ச்சீட்டு மாறிய அந்தப் புட்டிதான். சேவல் விந்தை உறையவைத்துப் பார்த்தபோது, சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து எடுத்த ஒரு புட்டி மட்டும் விந்தைச் சாகாமல் காத்தது. மிச்சமிருந்த கொஞ்சத்தைச் சோதனைக்கு அனுப்பினால், உள்ளே இருந்தது கிளிசரின். 1949இல் அதை உலகுக்குச் சொன்னார்கள். இன்று மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன் கேனில் கிடக்கும் விந்துக் குச்சிகளெல்லாம் (விந்து அடைத்த மெல்லிய குழாய்கள்) அதன் வழி வந்தவைதாம். பெரிய மனிதர், மறுக்கவில்லை.

என் வாசலிலும் பெயர் மாறியது. காங்கேயம் குச்சிதான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். வந்த தம்பி கேனிலிருந்து குச்சியை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனில் பேசினார். 37 டிகிரி தண்ணீரில் அரை நிமிடம் வைக்க வேண்டும் என்று முகாமில் சொல்லித்தந்திருந்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொம்பில் கொண்டுபோய் நீட்டினேன். “அதெல்லாம் வேண்டாம் அக்கா” என்றார். வேலை முடிந்ததும் காலிக் குச்சி குப்பைக்குழியில் விழுந்தது. “காங்கேயம்தானே?” என்றேன். “சந்தேகமா?” என்றார்.

எப்படியோ சினை நின்றது. கன்று சிவப்பாகப் பிறந்தது. காங்கேயக் கன்றும் சிவப்பாகத்தான் பிறக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறும். ஆகவே காத்திருந்தேன். என் மாமியார் மூன்றாம் நாளே அதன் தோளைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டார். எட்டு மாதமாகியும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. திமிலும் எழவில்லை. ஜெர்சிக் கலப்பு! அதுவும் காளைக்கன்று. காங்கேய மாடுகள் விற்கும் பழையகோட்டைச் சந்தைக்கு எந்த முகத்தோடு ஓட்டிப்போவது? கேட்கப்போன இடத்தில், “நீங்கள் பார்த்துப் போடச் சொல்லியிருக்க வேண்டும்” என்றார்கள். போல்ஜுக்காவது சோதித்துப் பார்க்கப் புட்டியில் மிச்சமிருந்தது.

முன்பு எங்கள் ஊரில் சினைக்கு விடும் பூச்சிக்காளை ஒன்று இருந்தது. ஊசி வந்த தைரியத்தில் அதை விற்றுவிட்டோம். அந்த அறியாமையை வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன்.

போல்ஜின் மாணவர் வில்மட் 1973இலேயே உறைந்த கருவிலிருந்து கன்று பிறக்கவைத்தாராம். இங்கே நீட்டிய ஒரு சொம்பு வெதுவெதுப்பான தண்ணீரில் குச்சியை முக்க இன்னும் ஆளில்லை. தங்கள் பத்திரிகையில் விவசாயி என்றால் தலைப்பாகை கட்டிய ஆண் படம்தான் வருகிறது. சாணி அள்ளுவது யார் என்று விசாரித்துப் பார்க்கவும். மூன்று வருடத்துக்கு முன் பொங்கல் மலரில் ஆந்திராவின் ஓங்கோல் இன மாட்டைப் போட்டு, ‘கம்பீரக் காங்கேயம்’ என்று எழுதியிருந்தீர்கள். அன்றே கடிதம் போட்டேன். இடமில்லை போலும்.

அந்த வரிக்குத் திருத்தம் கேட்கவில்லை, கேட்டாலும் போடமாட்டீர்கள். ஒவ்வொரு குச்சியின் மேலும் இனமும் காளையின் எண்ணும் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஒரு குச்சியைப் பெரிதாகப் படம் பிடித்து, எதை எங்கே படிக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டு வெளியிடுங்கள். வெட்டிக் கட்டுத்தரையில் ஒட்டிக்கொள்கிறோம். பக்கத்தில் காளைப் படம் வேண்டாம். மறுபடி ஓங்கோல் வந்துவிடும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
காங்கேயம் வட்டம்