பி.டி. சார் விட்டுக்கொடுக்காத பாடவேளை

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் பள்ளியில் 30 ஆண்டுகளுக்கும் மேலாக உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பி.டி. சார், கடந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காலமானார். பெயரைச் சொல்லி விசாரித்தால் யோசிக்கிற கடைத்தெருக்காரர்கள், பி.டி. சார் வீடு என்றதும் எழுந்து கூடவே வந்து காட்டுவார்கள். அதனால் இந்தக் கடிதத்திலும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

நான் இங்கே கணித ஆசிரியையாகச் சேர்ந்த ஆண்டு, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பாடவேளையை எனக்குத் தரும்படி அவரிடம் கேட்டேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் அது கேட்காமலே கிடைத்துவந்தது. பொதுத்தேர்வு என்றால் யார் மறுப்பார்கள்? அவர் மறுத்தார். "டீச்சர், உங்கள் பாடவேளையில் ஒரு நாளாவது பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேனா?" என்றார். குரலில் கோபம் இல்லை. காலை எட்டு மணிக்கு நான் வந்தால், பயிற்சி முடித்த பிள்ளைகளைத் தானே அனுப்பிவைப்பதாகவும் சொன்னார். அனுப்பினார். முகம் கழுவி ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்த அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட வகுப்பில் தூங்கி வழிந்து நான் பார்த்ததில்லை.

விளையாட்டுப் பாடவேளை என்பது பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நிழலில் உட்காரும் நேரம் என்று நினைத்திருந்தேன். அவரிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது. உயரம், எடை மட்டுமல்ல. ஓடும்போது யாருக்குச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, யார் அடிக்கடி உட்கார்ந்துவிடுகிறார்கள், யார் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். சாப்பிடாத பிள்ளையை அவர் ஓடவிட்டதே இல்லை. முதலில் வாழைப்பழம், பிறகுதான் மைதானம். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு ரத்தசோகையாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போங்கள் என்று அவளுடைய வீட்டாரிடம் போய்ச் சொன்னவர் அவர்தான். அவர் சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் எங்கள் கண்ணுக்குப் படாதது, ஓடும் பிள்ளையிடம் அவருக்குப் பட்டுவிடும்.

அவருக்கு உயிர் பூப்பந்து. நம் தஞ்சை மண்ணில் பிறந்த ஆட்டம், 1856-லேயே அரச குடும்பத்தார் ஆடியது என்று ஒவ்வோர் ஆண்டும் ஆறாம் வகுப்பில் சொல்லித்தான் தொடங்குவார். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் கொண்ட ஆடுகளத்தைச் சுண்ணாம்பில் அவரே கோடு போடுவார். பந்து கம்பளி நூலால் ஆனது. பனியில் நனைந்தால் கனத்துப்போகும், காற்றடித்தால் விலகிப்போகும். அதனால் பந்தை எடுக்கும் முன் அண்ணாந்து மரக்கிளையைப் பார்க்கச் சொல்வார். மழை நாட்களில் மட்டும் வகுப்பறைக்கு வருவார். தான் படித்த நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கிய ஹாரி குரோ பக், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துச்சென்ற கதையை, பக்கத்தில் இருந்து பார்த்தவர்போலச் சொல்வார்.

பெண் பிள்ளைகளின் அணியை அவர் உருவாக்கியது எவ்வளவு கடினமான வேலை என்பது, இதைப் படிக்கும் அம்மாக்களில் சிலருக்கு நினைவிருக்கும். நீங்கள்தானே அந்த அணி! குறுவட்டப் போட்டிக்கு அனுப்ப ஒரு வீட்டில் சம்மதம் வாங்க மூன்று முறை, நான்கு முறை போவார். தனியாகப் போகமாட்டார், ஓர் ஆசிரியையையும் அழைத்துச்செல்வார். எத்தனை மணிக்குப் புறப்படுகிறோம், யார் உடன் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வாசலில் கொண்டுவந்து விடுவோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். அந்தத் தாள்களில் ஒன்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு தாய், துக்கம் கேட்க வந்த இடத்தில் அதை என்னிடம் காட்டினார். வெற்றி தோல்வி பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் பட்டுக்கோட்டைப் பக்கத்தைப் புரட்டிப்போட்டபோது, மைதானத்தைச் சுற்றியிருந்த மரங்கள் அத்தனையும் ஆடுகளத்தின் மேல் கிடந்தன. அப்போது அவர் ஓய்வுபெற்றிருந்தார். தன் வீட்டுக் கூரையில் பாதி ஓடு இல்லாத நிலையிலும், மூன்றாம் நாள் பழைய மாணவர்களோடு அரிவாளும் கயிறுமாக வந்து நின்றார். மரங்களை அகற்றிய கையோடு பூவரசம் போத்துகளை ஊன்றினார். மதிய வேளையில் உங்கள் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் நிழல் அதுதான்.

இந்த ஆண்டும் உங்களில் சிலர் என்னிடம் வந்து, பத்தாம் வகுப்புக்கு விளையாட்டுப் பாடவேளையை நிறுத்திவிட்டுத் தேர்வு வைக்கும்படி கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அதே கவலையோடு அவர்முன் போய் நின்றவள் நான். யோசித்துச் சொல்கிறேன் என்று அப்போது உங்களிடம் சொல்லியிருந்தேன். என் பதில் இது: நான் இந்தப் பொறுப்பில் இருக்கும்வரை அந்தப் பாடவேளையை வேறு எதற்கும் கொடுக்கமாட்டேன். கூடுதல் பயிற்சி தேவைப்படும் பிள்ளைகளுக்குக் காலை எட்டு மணிக்குக் கணித வகுப்பை நானே எடுக்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மைதானத்தில் அவருக்கு அஞ்சலி செலுத்துகிறோம். இரண்டு நிமிட மௌனத்துக்குப் பிறகு, அவரிடம் பயிற்சி பெற்ற பழைய மாணவிகளும் இன்றைய அணியும் ஓர் ஆட்டம் ஆடுவார்கள். பிள்ளைகளை விளையாட்டு உடையில், வயிறாரச் சாப்பிட வைத்து அனுப்புங்கள். மாலை வேண்டாம் என்று அவருடைய துணைவியார் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏதேனும் கொண்டுவர விரும்புகிறவர்கள் ஒரு பூப்பந்து கொண்டுவாருங்கள். மஞ்சள் நிறத்தில், காய்ந்ததாக இருக்கட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியை