ஒத்தடம் அல்ல, வெப்பச் சிகிச்சை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், "வாய்ப் புற்றுக்குச் சூடு காட்டினால் கீமோ மருந்தைப் பாதியாகக் குறைக்கலாம், வீட்டிலேயே ஒத்தடத்தில் தொடங்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். இதை நம்பி ஒருவர் மருந்தைக் குறைக்கச் சொன்னால், வளரும் கட்டிக்கு யார் பொறுப்பு?

வெப்பம் மருந்துக்கு மாற்று அல்ல, துணை. கட்டியை 41 முதல் 43 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோய், ஏறத்தாழ ஒரு மணி நேரம் அங்கேயே நிறுத்த வேண்டும். அந்தச் சூட்டில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து செல்லுக்குள் கூடுதலாக நுழைகிறது. மருந்து டிஎன்ஏவில் செய்த சேதத்தைப் பழுதுபார்க்கும் புரதங்களும் தளர்கின்றன. அதனால்தான் இரண்டையும் ஒரே வேளையில் கொடுக்கிறார்கள். 5-ஃபுளோரோயுராசில் என்ற இன்னொரு கீமோ மருந்துக்கு இந்தப் பலன் அவ்வளவாகக் கிடையாது. கட்டுரையோ எல்லா மருந்தையும் ஒன்றாகவே பேசியது.

ஒத்தடத்தின் சூடு மேல்தோலோடு நின்றுவிடும். ஆழத்துக்குப் போக மைக்ரோவேவோ ரேடியோ அலையோ வேண்டும். தோல் வேகாமலிருக்க மேலே நீர்ப்பை வைக்க வேண்டும். நாக்கில் ரத்த ஓட்டம் அதிகம், அது சூட்டை வாரிக்கொண்டு போய்விடும். பல்லில் அடைத்த உலோகத்தின் ஓரத்தில் சூடு குவியும். கட்டியின் நடுவில் 42 காட்டும்போது ஓரத்தில் 39 இருக்கலாம். அந்த ஓரத்தில்தான் புற்று தப்பிக்கிறது. எனவே உள்ளே வெப்பமானி செருகாமல் செய்யக் கூடாது. 44ஐத் தாண்டினால் கொப்புளம். கீமோவால் ஏற்கனவே புண்ணான வாய்க்கு அது எத்தனை வேதனை! அடுத்தடுத்த நாள் சூடு கொடுத்தாலும் பயனில்லை. செல்கள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் சுரந்து தாங்கப் பழகிவிடும். அது தணிய இரண்டு மூன்று நாளாகும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தும், கண்ணாடித் தட்டில் செல் செத்தாலும் எலியின் கட்டி சுருங்கினாலும் "புற்றுநோய் ஒழிந்தது" என்றே தலைப்பு வருகிறது. வாய்ப்புண் பற்றிய குறிப்பில், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்ற ஒரு வரியைக்கூடக் காணோம். வாய்ப் புற்றுக்கு இன்றும் அறுவைதான் முதல் சிகிச்சை. வெட்டிய விளிம்பில் புற்று இருந்தாலோ நெறிக்கட்டியை உடைத்து வெளியே பரவியிருந்தாலோ கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டினும் சேரும். வெப்பம் அந்த வழக்கமான வரிசையில் இன்னும் இடம்பெறவில்லை. கட்டுரையில் அதுவும் இல்லை.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் இரண்டு வரி போடுங்கள்: வீட்டு ஒத்தடமும் வெந்நீர்க் கொப்பளிப்பும் வெப்பச் சிகிச்சை அல்ல, மருத்துவரைக் கேட்காமல் கீமோ அளவைக் குறைக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்