மூடிக் கிடக்கும் பட்டுக்கூட்டைக் கிழித்துப் பாருங்கள்

பம்பிள் தேனீக் கூட்டங்களை வளர்த்து விற்கும் நிறுவனங்களுக்கும், அவற்றின் இறக்குமதிக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

உடலெங்கும் மயிர் அடர்ந்த பெரிய தேனீக்களான பம்பிள் தேனீக்களைப் பசுமைக்குடில் தக்காளிக்கு மகரந்தம் சேர்க்க விற்கும் வணிகம் 1980களின் பிற்பகுதியில் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் தொடங்கியது. தேனீக் கூட்டங்களை அடைத்து அனுப்பும் பெட்டிகளோடு சேர்ந்து வந்துவிடக்கூடிய ஓர் ஒட்டுண்ணிக் குளவியைப் பற்றியதே இம்மடல். பெயர் மெலிட்டோபியா அகாஸ்டா. ஒன்றரை மில்லிமீட்டர்கூட நீளமில்லாத இக்குளவி சாதாரணக் கொசுவலையின் கண்ணில் எளிதாக நுழைந்துவிடும்.

உலக விலங்குச் சுகாதார அமைப்பின் (WOAH) பட்டியலில் தேனீக்களுக்கான நோய்களும் பூச்சிகளும் ஆறு உள்ளன. மெலிட்டோபியா அவற்றில் ஒன்றல்ல. எனவே பெட்டியோடு வரும் சுகாதாரச் சான்றிதழில் குறையில்லை என்பதற்காகப் பெட்டியிலும் குறையில்லை என்று கொள்ள முடியாது. பறக்கும் தேனீக்களைப் பார்த்தும் பயனில்லை, குளவி தாக்குவது, தேனீப்புழு தன்னைச் சுற்றி நெய்துகொள்ளும் பட்டுக்கூட்டுக்குள் இருக்கும் இளம் பருவத்தை. பெண் குளவி அதைக் கொட்டி வளர்ச்சியை நிறுத்தி, கசியும் நீரைக் குடித்து, உடலின் மேலேயே முட்டையிடும்.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது அதன் இனப்பெருக்கம். இணை சேராத ஒரே ஒரு பெண் உள்ளே போனாலும் போதும். முதலில் ஆண் முட்டைகள் சிலவற்றை மட்டும் இடும், பிறக்கும் மகனோடு இணையும், பிறகு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெண்கள். வளர்ப்பறையில் நாம் வைத்திருக்கும் 28 டிகிரி வெப்பம் குளவிக்கும் உகந்ததே. இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை வெளிவந்துவிடும். மருந்து தெளித்தால் தேனீயும் சாகும்.

ஆகவே சோதனை முறையை மாற்றுங்கள். அனுப்பும் ஒவ்வொரு தொகுதியிலும் சில பெட்டிகளைப் பிரித்து, பெட்டிக்குப் பத்துப் பட்டுக்கூடாவது திறந்து பாருங்கள். புதிய கூடுகளை எடுப்பதுதான் வழக்கமான தவறு. சுற்றியுள்ளவற்றிலிருந்து தேனீ வெளியேறிய பின்னும் மூடியே கிடப்பது எதுவோ, அதை இடுக்கியால் கிழித்துப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சுருங்கிய உடலின்மேல் வெண்புழுக்கள் மொய்த்திருந்தாலோ, கூட்டில் ஊசித்துளை தெரிந்தாலோ அந்தப் பெட்டி போகக் கூடாது. பையில் கட்டி, உறைகுளிர்ப் பெட்டியில் பல நாள் வைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

வளர்ப்புக் கூடத்தின் சுவரையும் கூரையோரத்தையும் பாருங்கள். மண்கூடு கட்டும் குளவிகளின் கூடுகளிலும் மெலிட்டோபியா பெருகும். அவற்றைச் சுரண்டி எடுக்காமல் அறையை மட்டும் கழுவினால் திரும்பவும் வரும். இலைவெட்டித் தேனீ வளர்ப்போர் அடைகாப்பறையில் புற ஊதா விளக்கின் கீழ் சோப்புநீர்த் தட்டு வைத்து ஒட்டுண்ணிக் குளவிகளைப் பிடிக்கிறார்கள். வெளிச்சத்தை நாடும் பெண் மெலிட்டோபியாவுக்கும் அது பொருந்தும், ஆனால் கூட்டுக்குள் இருப்பவற்றை அது தொடாது.

ஆறு முதல் எட்டு வாரத்தில் பெட்டியின் பயன் முடிந்துவிடும். பசுமைக்குடில் மூலையில் கைவிடப்படும் அந்தப் பெட்டியிலிருந்து குளவிகள் வெளியே உள்ள காட்டுத் தேனீக்களிடம் போகும். பழைய பெட்டியைத் திரும்பப் பெற்று அழிப்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அது இல்லாத ஒப்பந்தத்துக்கு இறக்குமதி அனுமதி கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
பம்பிள் தேனீ வளர்ப்பறைகளில் பணிபுரிவோர்