இத்தாலியக் கிராமப்புறத்தில் கோல்ஃப்: நடந்து ஆட வேண்டிய நிலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த இத்தாலிப் பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ரோம், புளோரன்ஸ், வெனிஸ் ஆகிய நகரங்களைப் பற்றி நிறைவாக எழுதியிருக்கும் கட்டுரையாளர், கோல்ஃப் ஆட்டத்தை மட்டும் செல்வந்தர்கள் சொகுசு விடுதிகளில் பொழுதைப் போக்கும் வழி என்று ஒரே பத்தியில் சொல்லிக் கடந்துவிட்டார். இளம் வயதில் உதகையில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, பணி ஓய்வுக்குப் பிறகு மனைவியுடன் இரண்டு முறை இத்தாலியின் கிராமப்புறங்களில் கோல்ஃப் ஆடியபடியே பயணம் செய்தவன் நான். அந்த நாட்டின் குன்றுகளையும் தோட்டங்களையும் கால்நடையாகப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல வழியை நான் அறியேன். ஆனால் ஒரே வட்டாரத்தில் தங்கி, நடந்து ஆடினால்தான் அது கைகூடும்.

முதல் பயணத்தில் இது எங்களுக்குத் தெரியவில்லை. பயணத் திட்டத்தை வகுத்துத் தந்த முகவர், வடக்கே கோமோ ஏரிக்கரை, நடுவில் டஸ்கனி, அதற்குக் கீழே ரோம் என்று ஆறு நாட்களில் நான்கு மைதானங்களை அடுக்கிவைத்திருந்தார். பகலில் பாதி நேரம் நெடுஞ்சாலையிலேயே கழிந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அன்று வார விடுமுறை என்று வாயிற்கதவு பூட்டிக் கிடந்தது. இன்னோர் இடத்துக்குச் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். அன்று உறுப்பினர்களுக்கான போட்டி நடந்துகொண்டிருந்ததால், பொழுது சாயும் நேரத்தில் முழு ஆட்டத்தின் பதினெட்டுக் குழிகளில் ஒன்பது மட்டும் ஆட இடம் கிடைத்தது. ஊர் திரும்பிய பின், பார்த்ததைவிடப் பார்க்காமல் விட்டதையே நெடுநாள் பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது முறை யாருடைய திட்டத்தையும் நம்பாமல், டஸ்கனியில் புளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் இடையிலுள்ள கியாந்தி மலைச்சரிவில் ஒரு பண்ணை வீட்டில் பத்து நாட்கள் தங்கினோம். கியாந்தி திராட்சை விளையும் நிலத்துக்கு 1716இலேயே டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ எல்லை வகுத்து ஆணை பிறப்பித்தார் என்பதைப் பலர் அறிந்திருப்பார்கள். அந்தப் பண்ணை வீடுகளின் கதைதான் நம் தஞ்சை வட்டார வாசகர்களுக்கு எளிதில் விளங்கக்கூடியது. அங்கே நூற்றாண்டுக் கணக்கில் நிலவியது வார முறை. நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, விளைச்சலில் பாதிக்குப் பாதி. பாதி என்ற பொருள் தொனிக்கவே அதற்கு மெஸ்ஸாத்ரியா என்று பெயர். புதிதாக வார ஒப்பந்தம் எழுதக் கூடாது என்று 1964இல் சட்டம் வந்தது. அந்த ஆண்டுகளில் உழவர் குடும்பங்கள் ஆலை வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட, குன்றுகளின் மேலிருந்த கல் வீடுகள் ஆளின்றிப் பாழடைந்தன. பண்ணைகளில் விருந்தினரைத் தங்கவைக்க வழிசெய்து 1985இல் இயற்றப்பட்ட சட்டம் அவற்றில் பலவற்றுக்கு மறுவாழ்வு தந்தது. மோந்தாயோனே ஊரை அடுத்த காஸ்தெல்ஃபால்ஃபி என்னும் பழைய கோட்டைக் கிராமமும் அப்படி வெறுமையான ஒன்றுதான். இன்று அங்கே 27 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் இருக்கிறது. ஆளற்றுப்போன ஊரில் மறுபடியும் விளக்கு எரிவதைக் கண்டு மகிழ்ந்தேன். அதே சமயம், பணம் படைத்தவர்கள் தங்கும் விடுதியாக அது மாறியிருப்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கட்டுரையாளர் கண்டது இந்தப் பக்கத்தை மட்டுமே என்று நினைக்கிறேன்.

பழைய சங்கங்களின் இயல்பு வேறு. புளோரன்ஸுக்குத் தெற்கே கியாந்திச் சாலையோரம் இருக்கும் உகோலீனோ மைதானம் 1930களில் அமைக்கப்பட்டது. அதன் சங்கக் கட்டடம் கெரார்தோ போசியோ என்ற கட்டடக் கலைஞர் 1934இல் வடிவமைத்தது. அங்கே சமதரை என்று சொல்லத்தக்க இடம் அரிது. பந்தை அடித்துச் செல்லும் புல்வழிகளான ஃபேர்வேக்கள் ஒடுங்கியவை, சரிவானவை. இருபுறமும் ஒலிவ மரங்கள், அவற்றுக்கு மேல் சைப்ரஸ், குடைபோல் விரிந்த பைன். நேராக அடித்துவிட்டதாக நான் மகிழ்ந்த பந்து, சரிவில் உருண்டுபோய் ஓர் ஒலிவ மரத்தடியில் சிக்கிக்கொண்டது. ஒரே அடிக்கட்டையிலிருந்து நான்கு தண்டுகள் கிளைத்திருந்தன. அந்த நான்குக்கும் நடுவே, முட்டை கூட்டில் கிடப்பதுபோலப் பந்து கிடந்தது. எங்களோடு ஆடிய முதிய உள்ளூர்க்காரர், மரம் ஏன் இப்படி வளர்ந்திருக்கிறது தெரியுமா என்று கேட்டார். 1985 ஜனவரியில் அடித்த கடும் உறைபனியில் டஸ்கனியின் ஒலிவ மரங்களில் பெரும்பாலானவை பட்டுப்போயினவாம். உழவர்கள் அவற்றைத் தரையோடு வெட்டிவிட்டுக் காத்திருக்க, வேரிலிருந்து துளிர்த்த கன்றுகளில் மூன்று நான்கை விட்டு வளர்த்திருக்கிறார்கள். அதன்பின் வழிநெடுக ஒவ்வொரு தோப்பிலும் நானும் என் மனைவியும் தண்டுகளை எண்ணிக்கொண்டே போனோம். காரின் கண்ணாடி வழியே பார்த்திருந்தால் அவையெல்லாம் எங்களுக்கு வெறும் மரங்களாகவே தெரிந்திருக்கும். பந்தை எடுத்து வைத்ததற்கு எனக்கு ஓர் அடி அபராதம். அதை நான் இழப்பாகக் கருதவில்லை.

ரோமுக்குப் போகிறவர்களும் இதே பயனை நகரின் விளிம்பிலேயே பெறலாம். 1903இல் தொடங்கப்பட்ட அக்குவாசாந்தா சங்கம், இத்தாலியின் மிகப் பழைய கோல்ஃப் சங்கங்களுள் ஒன்று. பழைய அப்பியா சாலைக்கு அருகில் இருக்கும் அந்த மைதானத்திலிருந்து, கி.பி. 38இல் தொடங்கி 52இல் கட்டி முடிக்கப்பட்ட கிளாடியன் நீர்ப்பாலத்தின் வளைவுகளைக் காணலாம். 2023இல் இத்தாலியில் முதன்முறையாக ரைடர் கோப்பை நடந்த மார்கோ சிமோனே மைதானமும் ரோமை ஒட்டிய குன்றுகளில்தான் இருக்கிறது. ஐரோப்பிய அணி 16½க்கு 11½ என்ற கணக்கில் அமெரிக்காவை வென்ற அந்தப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, அந்த ஏற்ற இறக்கங்களில் நடப்பது எத்தகைய உழைப்பு என்று விளங்கியிருக்கும்.

செல்வந்தர் ஆட்டம் என்ற கருத்துக்கு இத்தாலியிலேயே மறுப்பு உண்டு. பெர்கமோவைச் சேர்ந்த கொஸ்தாந்தீனோ ரோக்கா, ஆட்டக்காரர்களுக்கு மட்டைப் பை சுமக்கும் உதவியாளராக (caddie) இருந்தவர். தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். 1995இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த, பிரிட்டனின் புகழ்பெற்ற ஓபன் போட்டியின் கடைசிக் குழியில், பள்ளத்திலிருந்து நெடுந்தொலைவு உருட்டிவிட்ட பந்து குழிக்குள் விழுந்ததும், தரையில் விழுந்து கைகளால் புல்லை அறைந்தவர் அவர்தான். கூடுதல் ஆட்டத்தில் ஜான் டேலியிடம் தோற்றார் என்றாலும், இத்தாலியில் பலரை மட்டையை எடுக்கவைத்த தோல்வி அது. 23 ஆண்டுகள் கழித்து, 2018இல், தூரினில் பிறந்த பிரான்செஸ்கோ மொலினாரி அதே ஓபன் பட்டத்தை வென்று, ஆடவர் கோல்ஃபின் நான்கு பெரும்போட்டிகளில் ஒன்றை வென்ற முதல் இத்தாலியர் ஆனார்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். குடிநீருக்கு வரிசையில் நிற்கும் ஊர்க்காரர்களாகிய நமக்கு, இவ்வளவு பெரிய புல்வெளி உறுத்தாமல் இராது, எனக்கும் உறுத்தியது. 2022 கோடையில் போ ஆறே வறண்டு மணல்திட்டாகக் கிடந்த நாடு அது. கோடை கடுமையான நடு இத்தாலியிலும் தெற்கிலும் பல மைதானங்கள் ஃபேர்வேக்களில் பெர்முடா வகைப் புல்லுக்கு மாறியிருக்கின்றன. அது வேறொன்றுமில்லை, நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் இனம்தான். வெயிலைத் தாங்கும், குறைந்த நீரில் பிழைக்கும். குளிர்காலத்தில் அது வைக்கோல் நிறமாகிவிடும் என்பதால், பசுமையை மட்டுமே எதிர்பார்த்துப் போகிறவர்கள் மனம் சோர்வார்கள். மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்தப் புல், எங்கிருந்து தண்ணீர் என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்வதை நம்மவர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். விருந்தினர் கேட்கக் கேட்கத்தான் அங்கேயும் அக்கறை கூடும்.

போக விரும்பும் வாசகர்களுக்குச் சில செய்திகள். ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் ஏற்றவை. செப்டம்பரில் திராட்சை அறுவடையையும் காணலாம். உங்கள் ஆட்டத்திறனின் அளவைக் காட்டும், உங்கள் சங்கம் அளிக்கும் ஹேண்டிகேப் சான்றிதழைக் கையோடு கொண்டு செல்லுங்கள், பல இடங்களில் அதைக் கேட்டுவிட்டே அனுமதிப்பார்கள். வார நாட்களில், முன்கூட்டியே தொலைபேசியில் விடுமுறை நாளைக் கேட்டறிந்து செல்லுங்கள். சிறிய காரை வாடகைக்கு எடுத்தால் பின்னிருக்கையை மடித்தால்தான் மட்டைப் பை உள்ளே போகும். மைதானத்தில் மின்வண்டியில் ஏறிச் செல்வதைத் தவிர்த்து, மட்டைப் பைக்குக் கைவண்டி எடுத்துக்கொள்ளுங்கள். என் மனைவி கோல்ஃப் ஆடுவதில்லை. ஆனாலும் அனுமதி பெற்று 18 குழிகளும் உடன் நடந்தார். எந்தத் தோப்பில் எத்தனை தண்டு என்பதை என்னைவிட அவர்தான் நன்றாக நினைவு வைத்திருக்கிறார்.

தங்கள் இணைப்பில் இத்தாலியைப் பற்றி மறுபடியும் எழுதும்போது, உகோலீனோ போன்ற ஒரு பழைய சங்கத்துக்காவது இடம் ஒதுக்குமாறு கட்டுரையாளரை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்.